ஃபைவ் ஸ்டார் பசங்களை (ஸ்கூல் லெவல்ல டாப் ரேட்டிங் வாங்கின பிளேயர்ஸ்) அள்ளியும் அமெரிக்காவோட கென்டக்கி யூனிவர்சிட்டி பேஸ்கட்பால் ரசிகர்கள் ஏன் புலம்புறாங்க?

புலம்பாம என்ன பண்ணுவாங்க, 2012ல கலிபாரி கோச்சா இருந்தப்போ ஆந்தனி டேவிஸ் மாதிரி ஸ்கூல் முடிச்ச கையோட வந்த பசங்களை வச்சே தேசிய காலேஜ் சாம்பியன்ஷிப் கப்பு அடிச்சாச்சு, அதுக்கப்புறம் எந்தக் காலேஜ் நல்ல ஸ்கூல் பசங்களைப் பிடிச்சதுன்னு வருஷா வருஷம் போடுற ரெக்ரூட்டிங் ரேங்கைப் பார்த்தே பாதிப் பேருக்கு வயிறு நிறைஞ்சுடும். ஆனா அந்தப் பசங்க ஒரு சீசன் ஆடிட்டு என்பிஏங்கிற புரொஃபஷனல் லீக்குக்குக் கிளம்பிடுவாங்க, பேரு மனசுல நிக்குறதுக்குள்ள ஆளைக் காணோம்.

2024 மார்ச்ல தேசிய சாம்பியன்ஷிப் போட்டியில 14வது சீடு, அதாவது தரவரிசைல ரொம்பக் கீழ இருந்த ஓக்லண்ட் யூனிவர்சிட்டி கூட நடந்த மேட்ச் தான் ரசிகர்களை ஒரேயடியா கடுப்பாக்குச்சு. கென்டக்கில ரீட் ஷெப்பர்ட், டில்லிங்ஹாம்னு ரெண்டு பேரு, என்பிஏ டீம்கள் புது ஆள் எடுக்குற அந்த வருஷ டிராஃப்ட்ல முதல் பத்துக்குள்ள போனவங்க. எதிர்ல டிவிஷன் 2ங்கிற கீழ் லெவல் காலேஜ்ல இருந்து ஓக்லண்டுக்கு வந்த ஜாக் கோல்கி, 10 த்ரீ பாயின்டர் போட்டு 80-76னு மூட்டை கட்டி அனுப்பிட்டார். "சின்னப் பசங்க போதும்பா, அனுபவம் உள்ள ஆளை எடு"ங்கிற கோஷ்டிக்கு இதைவிட என்ன வேணும்?

கலிபாரி ஆர்கன்சாஸ் போயிட்டார், 1996 சாம்பியன் டீம்ல ஆடின மார்க் போப் கோச்சா வந்து, காலேஜ் மாற நினைக்கிற பிளேயர்ஸ் பேரு குடுக்குற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல இருந்தே பெரும்பாலும் புது டீம் கட்டினார். 2021ல இருந்து பிளேயர்ஸ் விளம்பரத்துல சம்பாதிக்கலாம்னு ஆனதால இப்போ காசு பஞ்சாயத்து வேற. எனக்குக் கடுப்பு ஒண்ணுதான், 17 வயசுப் பையன் வேற காலேஜ் செலக்ட் பண்ணா அவன் இன்ஸ்டாவுல போய் திட்டுறாங்க பாருங்க, அதெல்லாம் ரொம்ப ஓவர்.