பழைய வெப்சைட்டைத் திருத்துற வேலை மட்டமா?

குடியாத்தத்திலிருந்து எழுதிய அப்பாவுக்கு,

சார், ஒரு பெரிய கம்பெனியின் பழைய வெப்சைட்டை வேகமாக ஓடும்படி திரும்பக் கட்டுகிற டீமில் உங்கள் பெண்ணைப் போடப்போகிறார்கள், "இதுக்கா இன்ஜினியரிங் படிக்க வச்சே" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள் என்கிறீர்கள். அவர்களை விடுங்கள். புதிதாக ஒரு சைட் போடுவதென்றால் இன்றைக்கு ஏஐயே பாதியை எழுதிக் கொடுத்துவிடும். பல வருஷம் பல பேர் கை வைத்த புரோகிராம் கோடில் எதைத் தொட்டால் எது உடையும் என்று கண்டுபிடிக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

வேலை என்னவென்றால், முகப்பில் நாலு எம்பிக்கு ஒரு படம் இருக்கும், சிக்னல் சரியாக இல்லாத போனில் அது திறப்பதற்குள் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார். அதையே வெப்பி (WebP) என்ற, இடம் குறைவாகப் பிடிக்கும் பட வடிவத்துக்கு மாற்றி, திரைக்குத் தக்க அளவில் அனுப்பினால் சில நூறு கேபியில் முடியும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். தட்டினால் 200 மில்லி செகண்டுக்குள் பதில் வர வேண்டும் என்பதையும் 2024 மார்ச்சில் சேர்த்துவிட்டார்கள். அப்புறம் ஒரே பட்டனைப் பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியாக எழுதி வைத்திருப்பார்கள், அதை ஒரே காம்பொனென்ட் ஆக்கினால் நாளைக்கு நிறம் மாற்ற ஒரு இடத்தில் கை வைத்தால் போதும். பழைய லிங்க்கைத் தட்டினாலும் புதிய பக்கத்துக்கே போகும்படி 301 ரீடைரக்ட் போடுவதை ஜூனியர் தலையில்தான் கட்டுவார்கள். எக்செல் ஷீட்டோடு மல்லுக்கட்டும் சலிப்பான வேலைதான், ஆனால் அது விட்டுப்போனால் கூகுள் தேடலில் கம்பெனி சேர்த்து வைத்த இடமே சரிந்துவிடும்.

சேருவதற்கு முன் சிலதைக் கேட்கச் சொல்லுங்கள்: கோடு கிட்டில் (Git, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் மென்பொருள்) இருக்கிறதா, அவள் எழுதியதை ரிவ்யூ யார் பார்ப்பார்கள், அல்லது வெறுமனே எழுத்தையும் படத்தையும் ஏற்றுகிற வேலைதானா? கடைசிது என்றால் ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே இருக்க வேண்டாம். ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்கிற கம்பெனி என்றால் சேரவே வேண்டாம்.

அதுவரை சும்மா இருக்காமல், உங்கள் ஊர் லுங்கிக் கடை எதற்காவது சைட் இருந்தால் குரோம் பிரவுசரிலேயே இருக்கிற, சைட்டின் வேகத்தைச் சோதிக்கும் லைட்ஹவுஸ் என்ற கருவியை ஓட்டிப் பார்க்கட்டும், காசு கிடையாது. எது தாமதப்படுத்துகிறது, தானாக இருந்தால் எதை முதலில் சரி செய்வாள் என்று ஒரு பக்கம் எழுதி வைக்கட்டும். விஐடியில் சீட் கிடைக்கவில்லையே என்று இன்னும் புலம்புகிறீர்களே, அடுத்த இன்டர்வியூவில் அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் பேச்சே ஓடும்.

பெங்களூரா சென்னையா என்பதற்கெல்லாம் இப்போதே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், காட்பாடியில் ஏறினால் இரண்டு பக்கமும் வண்டி இருக்கிறது.