நைனாவுக்கு வார்த்தை மட்டும் வரலை

கேள்வி (வாசகி, குடியாத்தம்): எங்க நைனா லுங்கி வியாபாரம் பண்ணவரு, வயசு 62. வீட்ல தெலுங்கு, கடைல தமிழு, ஆம்பூர் வாணியம்பாடி பார்ட்டிங்க வந்தா உருது, மூணும் தண்ணி பட்ட பாடு. ரெண்டு மாசம் முன்ன வாதம் அடிச்சி வலது கை விழுந்துடுச்சி, பேச்சும் போச்சி. தண்ணி கேக்கக்கூட வரல, ஆனா கோவம் வந்தா கெட்ட வார்த்தை மட்டும் சுத்தமா வருது டாக்டர். வேணும்னே பண்றாருன்றாங்க சொந்தக்காரங்க. எழுதிக் காட்டுன்னு சிலேட்டு குடுத்தா தூக்கி அடிக்கிறாரு. இன்னா பண்றது, எந்த மொழில பேசறது?

பதில்: மொதல்ல அந்த சிலேட்ட உள்ள எடுத்து வைங்கமா. நாக்குல கோளாறுன்னா எழுதிடலாம், இவருக்கு வார்த்தையைத் தேடி எடுக்கற எடமே அடி வாங்கியிருக்கு, அதனால வாய்க்கு வராதது கைக்கும் வராது. பெரும்பாலான பேருக்கு மொழி வேலை இடது மூளைலதான், வலது கையையும் அதே பக்கம்தான் ஆட்டுது, ரத்தக்குழாய் அங்க அடைச்சா ரெண்டும் சேந்து போகும். இப்படி பேச்சு போறதுக்கு அஃபேசியான்னு பேரு.

கெட்ட வார்த்தை விஷயத்துல நைனா மேல தப்பே இல்ல. திட்டறது, ஒண்ணு ரெண்டு எண்றது, மனப்பாடமான சாமி பாட்டு, இதெல்லாம் யோசிச்சி கோக்கற பேச்சு இல்ல, பழக்கத்துல தானா வர்றது, மூளையோட வேற பாகங்களும் அதுக்கு கை குடுக்குது. 1861-ல பாரிஸ்ல ப்ரோக்கான்னு ஒரு டாக்டர்கிட்ட வந்த நோயாளி 21 வருஷமா ஆஸ்பத்திரில இருந்தவரு, எத கேட்டாலும் "டான் டான்"னு மட்டும்தான் சொல்வாரு, ஆனா கோவம் வந்தா ஒரு முழு வசவு வெளிய வருமாம், பேசறது நல்லாவே புரியுமாம். அவரு செத்ததும் மூளைய பாத்தா இடது நெத்திக்கு பின்னாடி கெட்டுப் போயிருந்துது, அந்த எடத்துக்குத்தான் இன்னிக்கும் ப்ரோக்கா பேரு. சொந்தக்காரங்களுக்கு இதை படிச்சி காட்டுங்க.

மொழி பத்தி கேட்டீங்க, நம்ம வேலூர் பக்கம் இது வீட்டுக்கு வீடு இருக்கற கேள்வி. மொதல்ல கத்தது மொதல்ல வரும்னு 1881-ல ரிபோன்னு ஒரு பிரெஞ்சு மனோதத்துவக்காரரு சொன்னாரு, அதிகமா பொழங்கனதுதான் வரும்னு 1895-ல பீத்ர்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் சொன்னாரு, ஆனா நிறைய பேருக்கு எல்லா மொழியும் கூடவே சேந்துதான் திரும்புது. அவரு எதுக்கு நல்லா தலையாட்டறாரோ அதுல பேசுங்க, தெலுங்குல பாதி தமிழ்ல பாதின்னு வந்தாலும் திருத்தாதீங்க. காது நல்லாத்தான் கேக்குது, கத்த வேணாம். "காபியா, தண்ணியா"ன்னு ரெண்டையும் கண்ணுல காட்டி கேளுங்க, ஏன்னா "ஆமா"வும் "இல்ல"யும் கூட மாறி வரும். மொத மூணு மாசம்தான் வேகமா தேறும், அதனால ஸ்பீச் தெரபிய தள்ளிப் போடாதீங்க, அப்புறமும் வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா வரும். பாடினா பேச்சு வந்துடும்னு வாட்ஸ்அப்ல வர்றத அப்படியே நம்பாதீங்க, ஆனா ராகம் போட்டு வார்த்தைய இழுத்து சொல்ல வைக்கற ஒரு தெரபி 1973-லேர்ந்து இருக்கு, தெரபிஸ்ட்ட கேளுங்க.

கேள்வி (வாசகர், ராணிப்பேட்டை): பெரியம்மாக்கு கை காலெல்லாம் நல்லா கீது, நேத்து காலைலேர்ந்து திடீர்னு நிறுத்தாம பேசறாங்க, ஒண்ணும் புரியல. சாமி வந்துடுச்சின்றாங்க, கோயிலுக்கு கூட்டிம் போலாமா?

பதில்: லெட்டர் கைக்கு வந்ததுமே போன் பண்ணி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன், மத்தவங்களுக்காக எழுதறேன். இடது காதுக்கு மேல பின்பக்கம் மூளைல வாதம் அடிச்சா பேச்சு ஆறா ஓடும், அர்த்தம் இருக்காது, அடுத்தவங்க சொல்றதும் ஏறாது, தான் தப்பா பேசறோம்னும் பல பேருக்கு தெரியாது. வெர்னிக்கேன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் 1874-ல, 26 வயசுல எழுதனது இது. கை கால் விழாததால வீட்ல யாருக்கும் வாதம்னு தோணாது, அதான் கொடுமை. ரத்தக்கட்டிய கரைக்கற ஊசிக்கு பொதுவா நாலரை மணி நேரம்தான் டைம், பூசாரியும், வாதத்துக்குன்னு தடவற புறா ரத்தமும் அந்த நேரத்த தின்னுட்டா போச்சி.

கேள்வி (வாசகர், ஆற்காடு): எனக்கு இடது கை பழக்கம். எனக்கு மொழி வலது மூளைலயா?

பதில்: இடது கைக்காரங்க பத்துல ஏழு பேருக்கு இடதுலதான். மீதி பேருக்கு வலதுலயோ ரெண்டுலயுமோ இருக்கும், கைய பாத்து சொல்ல முடியாது.