ஆண்டு மலருக்குக் கருப்பொருள் வைத்துப் படம் எடுப்பது எப்படி?

உயர்நிலை 4 வகுப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கருப்பொருள் வைத்து ஆண்டு மலருக்குப் படம் எடுக்க வேண்டும், புதுமையான யோசனைகள் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் புகைப்படக் குழுவுக்குப் பொறுப்பாசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தவள் நான். யோசனைகள் பிறகு. முதலில் ஒரு பெரிய தாளில் எல்லா மாணவர் பெயர்களையும் எழுதுங்கள். எவருடைய முகம் ஒரு படத்தில் தெளிவாக விழுகிறதோ அவர் பெயருக்கு எதிரே ஒரு கோடு. மூன்று கோடுகள் சேரும்வரை அந்தப் பெயரை விடாதீர்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்றும் வலிக்கிறது. என் முதல் ஆண்டில் விண்வெளியைக் கருப்பொருளாக எடுத்தோம். அட்டையில் தலைக்கவசம், வெள்ளித்தாளில் உடை, எல்லாம் அற்புதமாக வந்தன. மலர் அச்சாகி வந்த அன்று ஒரு மாணவன் பக்கங்களை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினான். பிறகு மீண்டும் ஒருமுறை புரட்டினான். வகுப்புப் படத்தைத் தவிர வேறெங்கும் அவன் இல்லை. மூன்று நாளும் எங்களுக்கு விளக்குப் பிடித்தவன் அவன்தான். ஆகவே அந்தத் தாளில் உங்கள் குழுவினரின் பெயர்களும் இருக்கட்டும்.

இனி கருப்பொருள். கடையில் வாங்கினால்தான் நிறைவேறும் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். 'பழைய காலம்', 'திரை நட்சத்திரங்கள்' என்று வைத்தால் உடை வாங்க முடிந்தவர்கள் நடுவில் நிற்பார்கள். முடியாதவர்கள் அன்று காய்ச்சல் என்று வரமாட்டார்கள். இரண்டையும் பார்த்திருக்கிறேன். மாணவர்களின் அன்றாடத்திலேயே நல்ல கருப்பொருள்கள் கிடைக்கின்றன. ஒரு வகுப்பினர் 'காலை ஆறே கால்' என்று வைத்தார்கள். அவரவர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், பஸ் நிறுத்தத்தில், கையில் பாதி கடித்த ரொட்டியோடு, தூக்கம் கலையாத முகங்கள். சூரியன் ஏழு மணியளவில்தான் எழும் என்பதால் அந்த நேரத்துப் படங்களில் தெருவிளக்கின் மஞ்சள் ஒளி இருந்தது. அதைவிட அழகான பக்கங்களை நாங்கள் பிறகு செய்யவேயில்லை.

இன்னொரு வகுப்பினரைத் தோ பாயோவில் 1979இல் கட்டப்பட்ட டிராகன் வடிவ விளையாட்டிடத்துக்கு அழைத்துச் சென்றோம். ஏழு வயதில் விளையாடியது போலவே விளையாடச் சொன்னோம். கேமரா என்றாலே விறைத்து நிற்கும் பிள்ளைகள்கூடச் சறுக்கி விழுந்து சிரித்தார்கள். ஜூலை 21, இன நல்லிணக்க நாளையும் மறக்காதீர்கள். அன்று பலர் வேட்டி, சேலை, பாஜு குரோங், சியோங்சாம் என்று தாங்களாகவே உடுத்தி வருவார்கள். நடைக்கூடத்தில் ஒரு வெற்றுச் சுவரைப் பிடித்து வைத்துக்கொண்டால் போதும்.

படம் எடுக்கும் நேரத்தில்தான் பெரும்பாலான குழுக்கள் தவறு செய்கின்றன. பள்ளி விட்டதும் திடலுக்கு ஓடுவார்கள். இங்கே பிற்பகல் ஒரு மணிக்குச் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும், கண்குழிகள் கறுத்துப்போகும். கூரை நிழலில், வெளிச்சம் வரும் பக்கம் முகத்தைத் திருப்பி நிறுத்துங்கள். திடல்தான் வேண்டுமென்றால் ஐந்தரை மணிவரை காத்திருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் இடிமழை அடிக்கடி வரும், மாற்று நாள் ஒன்று கையில் இருக்கட்டும். ஆகஸ்ட் முதல் தேர்வுகள் நெருக்கும் என்பதால் முக்கால்வாசி வேலையை ஜூன் விடுமுறைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சீருடை கூட்டமாக நின்றால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முதலில் இருண்டுபோவது நம் பிள்ளைகளின் கறுத்த முகங்கள். பழைய மலர்களை எடுத்துப் பாருங்கள். கடைசி வரிசையில் பற்கள் மட்டுமே தெரியும் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர்! கேமராவில் +/- குறியோடு இருக்கும் வெளிச்ச ஈடுகட்டலை (exposure compensation) முக்கால் நிலை (stop) முதல் ஒரு நிலைவரை கூட்டுங்கள். கைப்பேசியென்றால் திரையில் சட்டையைத் தொடாமல், இருப்பவற்றுள் கறுத்த முகத்தைத் தொட்டு வெளிச்சத்தை அமையுங்கள். சட்டை சற்று வெளுத்தால் பரவாயில்லை.

அனுமதி விஷயத்தில் சுருக்கமாக: தம் பிள்ளையின் படம் வெளிவர விரும்பாத பெற்றோர் இருப்பார்கள், அந்தப் பட்டியலை அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். பூங்காவிலோ எம்ஆர்டி ரயில் நிலையத்திலோ விளக்கும் தாங்கியும் வைத்து எடுப்பதானால் ஆசிரியர் வழியாக அங்குள்ள நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள்.

பக்க அமைப்பாளர் படங்களை வாட்ஸ்அப்பில் கேட்டால் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும். முழு ஏ4 பக்கத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். இரு பக்கங்களில் விரியும் குழுப்படத்தில் நடு மடிப்பில் யாரையும் நிறுத்தாதீர்கள். தையலுக்குள் பாதி முகம் போய்விடும். எல்லாம் தயாரானதும் ஒரே ஒரு பக்கத்தை அச்சகத்தில் மாதிரி எடுத்து வாங்குங்கள். திரையில் பளிச்சென்று தெரிந்த முகம் தாளில் இன்னும் கொஞ்சம் இருண்டிருக்கும். அந்த முகங்களின் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு, பெயர்த் தாளில் கோடுகளை இன்னொருமுறை எண்ணிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.