நானே கட்டிய கேம்பர்வேனை விற்றால் போட்ட காசு திரும்புமா?

கேள்வி இதுதான்: "டெம்போ டிராவலரை நானே கேம்பர்வேனாக மாற்றி, சோலார் போட்டு, வெளிக் கரண்டே வாங்காமல் முழுநேரமும் அதிலேயே குடியிருந்தேன். இப்போது விற்க வேண்டிய நிலை. என்ன விலை சொல்வது, எப்படி விற்பது?"

போட்ட காசு முழுசாகத் திரும்பாது. அது திரும்பும் என்ற எண்ணத்தோடு நான் மூன்று மாதத்தை வீணாக்கினேன், அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வண்டிக்குள் இருக்கும் எதையும் மறைக்காமல் காட்டி, வாங்க வருகிறவரை ஒரு ராத்திரி அதிலேயே படுக்க வைத்தால், நியாயமான விலைக்கு நல்ல கைக்குப் போகும். என் வண்டி அப்படித்தான் போனது.

எனக்குச் சொந்த ஊர் காரைக்குடி பக்கம் கோட்டையூர். 2016 மாடல் டிராவலர் ஒன்றை 2020-ல் ஏழே கால் லட்சத்துக்கு வாங்கினேன். கூரைத் திறப்பு, ஜன்னல் மாற்றம் போன்றவற்றை மட்டும் அங்கீகாரம் உள்ள பாடி பில்டரிடம் கொடுத்தேன். உள்ளே மரவேலை, ஒயரிங், தண்ணீர்க் குழாய் எல்லாம் நானும் என் மனைவியும் ஏழு மாதம் உட்கார்ந்து செய்தது. கூரையில் 335 வாட் பேனல் இரண்டு. 12.8 வோல்ட், 300 ஆம்பியர் ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, அதாவது 3.84 யூனிட். 100 லிட்டர் தண்ணீர் டேங்க், ஐந்து கிலோ சிலிண்டர். இரண்டரை வருஷம் அதுதான் எங்கள் வீடு. ஆத்தா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததும் ஊருக்குத் திரும்பினோம். அவர்களை விட்டு இனி எங்கேயும் போக முடியாது என்று தெரிந்த அன்றைக்கே வண்டியை விற்க முடிவு செய்தேன்.

முதலில் காரைக்குடியில் ஒரு புரோக்கரைக் கூட்டி வந்தேன். உள்ளே எட்டிப் பார்த்தவர், "சீட்டெல்லாம் எங்கண்ணே? கல்யாண ஓட்டம், சபரிமலை ஓட்டம்னா இன்னைக்கே ஆள் இருக்கு. இதையெல்லாம் உருவிட்டு வெறும் வண்டியாக் கொண்டாங்க, அஞ்சே முக்கால் வரைக்கும் பார்க்கலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வியாபாரத்தில் வண்டி என்றால் சீட்டுதான்.

பிரித்து விற்பதா, முழுசாக விற்பதா என்ற கேள்வி எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் பழக்கமானது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண், நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் தனித்தனியாக அங்கே விலை பேசப்படுகின்றன. முழு வீடாக விற்கப் போனால் பங்காளிகள் இருபது பேர் கையெழுத்து வேண்டும், வாங்கவும் ஆள் கிடைக்காது. தூணாகப் பிரித்தால் மறுநாளே காசு. அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். அதனால்தானோ என்னவோ, பேட்டரியைக் கழற்றித் தாருங்கள், பிரிட்ஜை மட்டும் தாருங்கள் என்று வந்த ஆட்களுக்கெல்லாம் முடியாது என்று சொன்னேன்.

சரி, விலைக்கு வருவோம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடைக் கணக்குக்கு ஐந்தொகை எடுப்பார்கள்: இன்றைய தேதியில் கையில் என்ன இருக்கிறது, அதன் மதிப்பு என்ன என்று. நீங்களும் வண்டிக்கு ஓர் ஐந்தொகை எடுங்கள். அதே வருஷ மாடல், அதே அளவு ஓடிய சாதாரண டிராவலர் சந்தையில் என்ன விலைக்குப் போகிறதோ அதுதான் அடிப்படை. எனக்கு அது 5.75 லட்சம், புரோக்கர் சொன்ன அதே தொகை. அதற்கு மேல் ஒவ்வொரு பொருளையும் பழைய சாமான் விலைக்குப் போடுங்கள். 1.05 லட்சத்துக்கு வாங்கிய பேட்டரியை 60 ஆயிரம் என்று போட்டேன். பேனல், சார்ஜ் கண்ட்ரோலர், இன்வெர்ட்டர் மூன்றும் சேர்ந்து 62 ஆயிரம். அதை 35 ஆயிரமாக்கினேன். 34 ஆயிரம் ரூபாய் பிரிட்ஜ் 20 ஆயிரம். இன்சுலேஷன், ஒயரிங், குழாய் 90 ஆயிரம். அதில் 40 ஆயிரம். மரவேலைக்கு ப்ளைவுட், கீல், மெத்தை என்று 1.9 லட்சம் ஆகியிருந்தது. அதற்கு 75 ஆயிரத்துக்கு மேல் மனசாட்சிப்படி போட முடியவில்லை, ஏனென்றால் என் மனைவியின் உயரத்துக்குச் செய்த சமையல் மேடை இன்னொருவருக்கு இடுப்பு வலி. பாடி பில்டர் வேலை, ஆர்சி மாற்றம் 1.3 லட்சம், அதற்கு 60 ஆயிரம். கூட்டினால் 8.65 லட்சம். 9.25 சொன்னேன், 8.60-க்கு முடிந்தது. மொத்தம் போட்டது 13.36 லட்சம்.

ஏழு மாத உழைப்புக்குக் கூலி போடவில்லை. போட்டாலும் யாரும் தரமாட்டார்கள். இரண்டரை வருஷம் வாடகை இல்லாமல் இருந்ததை அதற்கு ஈடாக எழுதிக்கொண்டேன்.

விலையை விட முக்கியம் ஆர்சி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்சி விவரம் மாறுபடும் அளவுக்கு வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கேரவன் வண்டிகளுக்கென்றே ஏஐஎஸ்-124 என்ற தரநிலை இருக்கிறது. உங்கள் ஆர்சியில் வண்டி வகை கேம்பர் வேன் என்று ஏறியிருந்தால் அதன் நகலை முதல் போட்டோவாகப் போடுங்கள். ஏறவில்லை, இன்னும் பழைய சீட்டுக் கணக்குதான் இருக்கிறது என்றால், விற்பதற்கு முன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் நேராகப் போய்க் கேளுங்கள். அதைச் சொல்லாமல் விற்று, அடுத்தவர் செக்போஸ்ட்டில் குழந்தை குட்டியோடு நிற்க வேண்டிவந்தால் அந்தப் பாவம் நமக்குத்தான்.

எடை மேடை ரசீதும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். டேங்க் நிறையத் தண்ணீர், சிலிண்டர், துணிமணி, நாங்கள் இருவர் எல்லாம் ஏறி, அரிசி ஆலை பக்கத்து எடை மேடையில் நிறுத்தினேன். ஆர்சியில் உள்ள மொத்த எடைக்குள் இருந்தது. செட்டிநாட்டு வண்டியாயிற்றே, தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கவில்லையா என்று பார்க்க வந்த பலரும் கேட்டார்கள். அது சிமெண்டுக் கல். அந்தக் கனத்தை வண்டி தாங்காது, குலுங்கினால் கல்லில் விரிசலும் விடும்.

இப்போது அந்த ராத்திரி. வாங்கியவர்கள் தஞ்சாவூர் பக்கத்துத் தம்பதி. ஐயா ஓய்வு பெற்றவர், பேட்டரியைப் பற்றி நிறையப் படித்துவிட்டு வந்திருந்தார். அந்த அம்மா முதல் அரை மணி நேரம் எதுவுமே பேசவில்லை. ஒவ்வொரு டிராயராக இழுத்தார், மூடினார். சிங்க் அடியில் குனிந்து குழாய் மூட்டை விரலால் தடவி, விரலைப் பார்த்தார். ஈரம் இல்லை. அப்புறம்தான் கேட்டார்: "இந்தத் தண்ணி ரெண்டு பேருக்கு எத்தனை நாள் வரும் தம்பி? பாத்ரூம் போறதை எங்க கொட்டுவீங்க?" எங்களுக்கு 100 லிட்டர் மூன்று நாள், சிக்கனமாக நாலு நாள். டாய்லெட் கேசட்டை, அதாவது கழிவு சேரும் பெட்டியை, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை செப்டிக் டேங்க் உள்ள கழிப்பறையில் கொட்ட வேண்டும், அதற்குச் சுணங்கினால் இந்த வாழ்க்கை சரிப்படாது என்று உள்ளதைச் சொன்னேன்.

"பேசினது போதும், ரெண்டு நாள் தங்கிப் பாருங்க" என்று ஊரணிக் கரையில் ஆலமரத்தை விட்டுத் தள்ளி, வெயில் விழும் இடமாக வண்டியை நிறுத்திக் கொடுத்தேன். சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிடவில்லை. வேண்டுமென்றேதான். அவர்களே சமைக்கட்டும், பாத்திரம் கழுவட்டும், பிரிட்ஜ் கம்ப்ரஸர் ராத்திரி இரண்டு மணிக்கு ஓடும் சத்தத்தில் தூக்கம் வருகிறதா என்று பார்க்கட்டும். மறுநாள் காலையில் போனேன். பேட்டரி மானிட்டரில் 71 சதவீதம் இருந்ததை ஐயா துண்டுச் சீட்டில் குறித்து வைத்திருந்தார். அந்த அம்மா டிகாஷன் இறக்கி எனக்கும் ஒரு டம்ளர் காபி கொடுத்தார். என் வீட்டில் நானே விருந்தாளியாக உட்கார்ந்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

பேட்டரியைப் பற்றி ஒரு விஷயம். "13.2 வோல்ட் காட்டுது, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி விற்காதீர்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் வோல்டேஜ் நெடுநேரம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும், கடைசியில் சடாரென்று விழும். அதனால் வோல்டேஜைப் பார்த்து அதன் நலத்தைச் சொல்ல முடியாது. மின்வேதியியல் ஆராய்ச்சிக்கென்றே அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்த சிக்ரி எங்கள் ஊரில் இருக்கிறது. அங்கே படித்த பையன் ஒருவன் எனக்குத் தெரியும், அவன் சொன்ன சோதனை இது: முழுசாக சார்ஜ் ஏற்றிவிட்டு, பேனலைத் துண்டித்து, தெரிந்த ஒரு லோடை ஓடவிட்டு, இன்வெர்ட்டர் தானே அணையும் வரை நேரம் பார்ப்பது. 300 வாட் லோடு வைத்தேன். இன்வெர்ட்டர் தின்பதைக் கழித்தால் புது பேட்டரிக்குப் பதினோரு மணி நேரம் கொஞ்சம் தாண்ட வேண்டும். எனக்குப் பத்து மணி நாற்பது நிமிஷம் வந்தது. அந்தத் தாளைத்தான் ஐயா முதலில் கேட்டு வாங்கினார்.

மழைக்காலத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நல்ல வெயிலில் என் பேனல்கள் ஒரு நாளைக்கு இரண்டரை யூனிட்டுக்குக் குறையாமல் தந்தன. எங்கள் பிரிட்ஜ், கரண்ட் குறைவாக இழுக்கும் இரண்டு பிஎல்டிசி ஃபேன், இரண்டு லேப்டாப்புக்கு அது போதும். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்தால் அதில் கால்வாசிதான் வரும். இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் இன்ஜினை ஓட்டித்தான் ஏற்ற வேண்டும். ஏசி கேட்டு வந்தவர்களிடம் இது ஆகாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன்.

குறைகளைத் தனித் தாளில் எழுதிக் கொடுத்தேன். 2021 மழையில் கூரை ஃபேன் ஓரம் ஒழுகியது, சீலண்ட் போட்டு நிறுத்தினேன், கறை படிந்த ப்ளைவுட் அப்படியே இருக்கிறது. பக்கக் கதவு சறுக்குப் பாதையில் மண் சேர்ந்தால் இடிக்கும். இப்படி ஒன்பது. இதைக் காட்டி விலையைக் குறைப்பார்கள் என்று மனைவி பயந்தாள். ஐயா இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அதை வைத்து ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை.

இதோடு ஒரு நோட்டு. கட்டும்போது, ப்ளைவுட் அடித்து மூடுவதற்கு முன் எடுத்த போட்டோக்களை பிரிண்ட் போட்டு ஒட்டி, எந்த ஒயர் எங்கே போகிறது, எந்த ஃப்யூஸ் எதற்கு, எந்த மூட்டு எங்கே என்று பக்க எண்ணோடு எழுதியிருந்தேன். உங்களிடம் அப்படி இல்லையென்றால் இப்போதாவது உட்கார்ந்து எழுதுங்கள். கடையில் வாங்கிய வண்டிக்குக் கம்பெனி புத்தகம் இருக்கும். நாம் கட்டியதற்கு நாம்தான் புத்தகம்.

ஆள் வரும் வரை வண்டி சும்மா நிற்கும் காலத்திலும் கவனம் வேண்டும். தண்ணீர் டேங்கைக் காலி செய்துவிடுங்கள், இல்லையென்றால் கொசு முட்டை வைக்கும். சிலிண்டரை இறக்கிவிடுங்கள். பேட்டரியைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்துத் துண்டித்து விடுங்கள், மூடிய வண்டியில் சித்திரை வெயிலோடு நூறு சதவீத சார்ஜும் சேர்ந்தால் அதன் ஆயுள் குறையும். எங்கள் செம்மண்ணில் கரையான் வேறு. டயரோரம் சாத்தி வைத்திருந்த பலகை வழியாக ஏறப் பார்த்தது, நல்லவேளை மனைவி கண்ணில் பட்டது.

விற்ற பிறகு பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் நீங்கள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்துக்குப் போகிறது என்றால் படிவம் 28-ல் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வாங்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்சியில் பெயர் உள்ளவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்சூரன்ஸையும் அவர்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள், ஃபாஸ்டேகை நீங்களே மூடுங்கள். நான் அதை மறந்து, லெம்பலக்குடி டோலில் காசு கழிந்த மெசேஜ் என் போனுக்கு வந்த பிறகுதான் ஓடினேன்.

வண்டி போய் இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா கூடலூரிலிருந்து போன் செய்தார். குழாயை மூடிய பிறகும் தண்ணீர் மோட்டார் விட்டு விட்டு ஓடுகிறது, என்ன செய்ய என்று. "நோட்டுல பதினாலாம் பக்கம் பாருங்கம்மா, சிங்குக்குப் பின்னாடி ரெண்டாவது மூட்டு" என்றேன். பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. "ஆமா தம்பி, ஈரமா இருக்கு" என்றார்.