46, 45, 48: குரோமோசோம்கள் குறித்து வாசகர் கேள்விகள்

நெல்லிக்குப்பத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: பாடநூல் படங்களில் குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் டி.என்.ஏ. இழைத் தொகுப்பு) எக்ஸ் வடிவில்தான் இருக்கிறது. செல்லுக்குள் எப்போதும் அப்படித்தான் இருக்குமா? இரண்டு மீட்டர் டி.என்.ஏ. எப்படி அடங்குகிறது?

செல் பிரியத் தயாராகும் சிறிது நேரம் மட்டுமே அந்த வடிவம் தெரியும். இரட்டித்த இரண்டு பிரதிகளான குரோமேட்டிடுகளும் சென்ட்ரோமியர் என்னும் இடுப்புப் பகுதியில் இணைந்திருப்பதையே நீங்கள் எக்ஸ் எழுத்தாகப் பார்க்கிறீர்கள். மற்ற நேரங்களில் குரோமோசோம்கள் தளர்ந்து, உட்கருவுக்குள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இடத்தில் பரவியிருக்கும். எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த ஓர் உருளையைச் சுற்றி டி.என்.ஏ.வின் 147 காரஇணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றிக்கொள்கின்றன. அந்த உருளைகள் கோத்த இழை, பின்னர் வளையம் வளையமாக மடிகிறது. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீனவர்கள் வலையைப் படகில் மடித்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள்: வீசும்போது சிக்காமல் விரிய வேண்டும் என்பதே அந்த மடிப்பின் நோக்கம். இங்கும் அப்படித்தான், தேவையான மரபணு இருக்கும் பகுதி மட்டும் தளர்ந்து வாசிக்கப்படுகிறது. பாடநூலில் காணும், உருளைகள் கோத்த இழை சுருண்டு தடித்த 30 நானோமீட்டர் இழையைத் தேர்வுக்கு எழுதுங்கள். ஆயினும் உயிருள்ள செல்லில் அது அவ்வளவு ஒழுங்காக இருப்பதற்குச் சான்று குறைவு என்பதையும் மனத்தில் வையுங்கள்.

வில்லியனூர் வாசகர்: இரத்தம் கொடுத்து இரண்டு வாரமாகியும் கேரியோடைப் (குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை) முடிவு வரவில்லையே?

சிவப்பணுவில் உட்கரு இல்லை என்பதால் வெள்ளையணுக்களையே வளர்க்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 72 மணி நேரம் ஆகும். பிரியும் செல்களைக் கோல்சிசின் என்ற மருந்து கொண்டு நடுவழியில் நிறுத்தி, நீர்த்த உப்புக் கரைசலில் உப்பவைத்து, பதப்படுத்திய பின் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் விடுகிறோம். புதுச்சேரியின் ஐப்பசி மழையில் காற்றின் ஈரம் மிகும்போது துளி மெதுவாக உலர்வதால், குரோமோசோம்கள் அளவுக்கு மீறிச் சிதறி எண்ண முடியாமல் போவதுண்டு. அப்போது மறுபடி செய்ய வேண்டியதுதான். சாயமேற்றிய பிறகு வழக்கமாக 20 செல்களையாவது எண்ணிப் பார்த்தே முடிவு எழுதுகிறோம். அவசரப்பட்ட முடிவைவிடத் தாமதமான முடிவே உங்களுக்கு நல்லது.

கடலூர் வாசகி: இரண்டு முறை கரு கலைந்தது. பரிசோதனையில் எனக்கு 45 குரோமோசோம்கள் என்றும், 14ஆம் குரோமோசோமும் 21ஆம் குரோமோசோமும் ஒட்டியிருப்பதாகவும் வந்திருக்கிறது. தாய்மாமனை மணந்ததுதான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அது காரணமன்று, அம்மா. வழக்கமான எண்ணிக்கை 46; இரண்டு ஒட்டி ஒன்றானதால் உங்களுக்கு 45. நெருங்கிய உறவில் மணப்பது வேறு சில மரபு நோய்களின் வாய்ப்பைக் கூட்டும். ஆனால் இந்த ஒட்டு உங்கள் திருமணத்தால் வந்ததில்லை, நீங்கள் பிறக்கும்போதே உங்களிடம் இருந்தது. 13, 14, 15, 21, 22 ஆகிய குரோமோசோம்களின் குட்டைக் கைகளில் (சென்ட்ரோமியருக்கு ஒருபுறமுள்ள சிறு பகுதிகளில்) இருக்கும் முக்கிய மரபணுக்கள் ஐந்திலும் திரும்பத் திரும்ப இருப்பதால், இரண்டு நீண்ட கைகள் ஒட்டி, இரண்டு குட்டைக் கைகள் தொலைந்தாலும் உடலுக்குக் குறை நேர்வதில்லை. ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவருக்கு இத்தகைய ராபர்ட்சோனியன் இடமாற்றம் உண்டு; பலர் அதை அறியாமலே வாழ்கிறார்கள். கருமுட்டை உருவாகும்போது ஒட்டிய குரோமோசோமும் தனித்த 14, 21உம் சரியாகப் பிரியாவிட்டால் கருவில் ஒன்று கூடுகிறது அல்லது குறைகிறது; அத்தகைய கருக்களில் பெரும்பாலானவை கலைந்துவிடும். 21ஆம் குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் நோய்க்குறியுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு, ஒட்டு தாயிடம் இருந்தால் சுமார் 10 முதல் 15 சதவீதம். இயல்பான குழந்தையையும், உங்களைப் போலவே ஒட்டுள்ள நலமான குழந்தையையும் நீங்கள் பெற முடியும். அடுத்த முறை கருவுற்றவுடன் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். கருவின் குரோமோசோம்களை அறியும் பனிக்குட நீர்ப் பரிசோதனையைப் பொதுவாக 15 வாரத்துக்குப் பிறகு செய்யலாம். உங்கள் பெற்றோரும் உடன்பிறந்தோரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: நான் மாணவனாக இருந்தபோது மனிதனுக்கு 48 என்று படித்தேனே?

சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறீர்கள், ஐயா. 1956இல் ஆய்வாளர்கள் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவனும் 46 என்று வெளியிடும் வரை நூல்களில் 48தான் இருந்தது. சிம்பன்சிக்கு இன்றும் 48தான். நம் மூதாதையரில் இரண்டு குரோமோசோம்கள் நுனியோடு நுனி ஒட்டியே நமது இரண்டாம் குரோமோசோம் உருவானது. நுனிகளில் மட்டுமே இருக்க வேண்டிய டெலோமியர் வரிசை, அதன் உட்பகுதியில் எதிரெதிராக முட்டிய நிலையில் இன்னும் காணக் கிடைக்கிறது.