எப்போதாவது மீன்பிடிப்பவருக்கு 18,000 ரூபாய்த் தூண்டில் தேவையா?

வணக்கம். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை மட்டுமே முட்டுக்காடு உப்பங்கழியில் கொடுவாவுக்குத் தூண்டில் போடுகிற நீங்கள், 18,000 ரூபாய்க்குக் கோலும் ரீலும் (தூண்டில் நரம்பைச் சுற்றும் சக்கரம்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தக் கூடுதல் விலை பெரும்பாலும் குறைந்த எடைக்கும், கூடுதல் பேரிங்குகளுக்கும், உப்புநீர் உள்ளே புகாத அடைப்புக்கும் போகிறது. நாள் முழுவதும் வீசிக்கொண்டே இருப்பவருக்குத்தான் அவை முழுமையாகப் பயன்படும். உங்களுக்கு ஏழடிக் கோலும், டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிடி) சீராக இயங்கும், 4000 என்ற அளவு எண் கொண்ட நடுத்தர விலை ரீலும் போதும்.

மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதியை நரம்புக்கும் முள்ளுக்கும் ஒதுக்குங்கள். கொடுவாவின் செவுள் மூடி கத்தியைப் போல் கூர்மையானது என்பதால், பின்னல் நரம்பின் முனையில் 30 பவுண்டு இழுவை தாங்கும் ஃபுளூரோகார்பன் லீடர் (எளிதில் அறுபடாத முன்நரம்பு) கட்டாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரீலாக இருந்தாலும் மீன் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடக்கூடும். (மலிவான முள் நிமிர்ந்துவிடுவதும் இத்தகைய மீனிடம்தான்.)

எப்போதாவது பயன்படும் ரீல் பெரும்பாலும் உப்புப் படிந்து அலமாரியில் கிடந்தே கெடுகிறது. ஆகவே வீடு திரும்பியதும் டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தியபின் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். மாதம் இருமுறை போகத் தொடங்கினால் அந்த 18,000 ரூபாயைப் பற்றி மறுபடி யோசிக்கலாம்.