வாசகர் கேள்வி பதில்: சட்டம் விதித்த கடமையும் தாமாக ஏற்ற தொண்டும்

கேள்வி: ஒவ்வொரு துறைக்கும் தேசிய அளவில் ஓர் ஆணையமோ வாரியமோ இருக்கிறது. அதே துறையில் ஏராளமான தன்னார்வத் தொண்டு நிறுவனங்களும் இயங்குகின்றன. ஒரே வேலையை இரு தரப்பும் செய்வது வீண் செலவு அல்லவா?

பதில்: வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம், அவை எப்படித் தோன்றின, யாருக்குக் கணக்குச் சொல்கின்றன என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். தேசியப் பொது அமைப்பு என்பது சட்டத்தாலோ அரசாணையாலோ உருவாக்கப்படுவது. அதன் அதிகாரமும் கடமையும் எழுத்தில் இருக்கின்றன. செலவுக்கான பணம் பெரும்பாலும் மக்களின் வரியிலிருந்து வருகிறது. ஆகவே அது நாடாளுமன்றத்துக்கும் தணிக்கைக்கும் நீதிமன்றத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். சட்டப்படி தகுதியுள்ள ஒருவரை, மனமில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்ப அதற்கு உரிமை கிடையாது. தன்னார்வ நிறுவனமோ, சிலர் கூடி இதைச் செய்வோம் என்று தாமே எடுத்த முடிவிலிருந்து தொடங்குவது. யாருக்கு உதவுவது, எங்கே தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதை அதுவே தீர்மானிக்கலாம். அதனால்தான் யாரும் செய்து பார்க்காத ஒன்றை அதனால் துணிந்து தொடங்க முடிகிறது; ஆனால் நாட்டின் எல்லா மூலைக்கும் அது வந்து சேர வேண்டும் என்று எவரும் உரிமையோடு கேட்க முடியாது.

பிரிட்டனில் கடலில் ஆபத்துக்குள்ளானவர்களை மீட்கும் பணியை எடுத்துக்கொள்வோம். அபாய அழைப்பைப் பெறுவதும் மீட்பை ஒருங்கிணைப்பதும் கடலோரக் காவல் அமைப்பின் வேலை. அது அரசு அமைப்பு. அதன் வேண்டுகோளை ஏற்றுக் கடலுக்குள் செல்லும் உயிர்காப்புப் படகுகளில் பெரும்பாலானவை 1824இல் தொடங்கப்பட்ட ஒரு தொண்டு நிறுவனத்துக்குச் சொந்தமானவை. அதன் படகோட்டிகளில் மிகப் பலர் ஊதியம் பெறாத தொண்டர்கள். பணத்தின் பெரும்பகுதி நன்கொடையாகவும் உயிலில் எழுதிவைத்த கொடையாகவும் வருகிறது. யார் அழைப்பது, யார் செல்வது என்பது தெளிவாக வகுக்கப்பட்டிருப்பதால் இங்கே வேலை இரட்டிப்பாவதில்லை. நீங்கள் சொல்லும் வீண் செலவு, அப்படி வகுத்துக்கொள்ளாத இடங்களில் உண்மையாகவே நிகழ்கிறது.

கேள்வி: தொண்டு நிறுவனம் தொடங்கிய நல்ல பணி சிறிய அளவிலேயே நின்றுவிடுகிறதே. அதை நாடு முழுவதற்கும் கொண்டுசெல்வது யார்?

பதில்: பெரும்பாலும் அரசின் அமைப்புகள்தாம், ஆனால் முதல் அடியை மற்றவர் எடுத்துவைக்கக் காத்திருந்த நிகழ்வுகள் பல. பிரிட்டனில் அனைவருக்குமான தேசிய மருத்துவச் சேவை 1948இலேயே வந்துவிட்டது. எனினும் இறக்கும் தறுவாயில் இருப்பவர்களின் வலியைத் தணிப்பது ஒரு தனி மருத்துவத் துறையாகவே வளர வேண்டும் என்பதைச் செய்து காட்டியது, சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம். அது நன்கொடையில் எழுந்த தொண்டு நிறுவனம். இருபது ஆண்டுகள் கழித்து, 1987இல், வலிதணிப்பு மருத்துவம் அந்நாட்டில் தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது.

இதற்கு மாறான ஓர் அரிய எடுத்துக்காட்டு வங்கதேசத்தில் உள்ளது. வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றிப்போவதை வாய்வழிக் கரைசலால் ஈடுசெய்ய முடியும் என்பதை 1968இல் டாக்காவின் காலரா ஆய்வுக்கூடம் நிறுவியது. அந்த அறிவு ஆய்வுக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் அல்லவா? 1980 முதல் பத்தாண்டுகள் பிராக் என்ற தன்னார்வ நிறுவனத்தின் பெண் பணியாளர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நேரில் சென்று, உப்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் எந்த அளவில் கலக்க வேண்டும் என்று தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு வேறொரு குழு சில வீடுகளுக்குச் சென்று, அந்தத் தாய் சொல்லிக்கொடுத்ததை நினைவில் வைத்திருக்கிறாரா, கரைசலைச் சரியாகக் கலக்கிறாரா என்று சோதித்தது. அதைப் பொறுத்தே கற்பித்தவருக்கு ஊதியம் கணக்கிடப்பட்டது. எத்தனை வீட்டுக்குப் போனீர்கள் என்பதைவிட, எத்தனை பேருக்குப் புரிந்தது என்று கேட்ட அந்த முறையை எந்த அரசுத் துறையும் தயங்காமல் பின்பற்றலாம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: செஞ்சிலுவைச் சங்கம் அரசு அமைப்பா, தொண்டு நிறுவனமா?

பதில்: இடைப்பட்ட நிலை அது. ஒவ்வொரு நாட்டின் செஞ்சிலுவைச் சங்கமும் அந்நாட்டு அரசால் அங்கீகரிக்கப்பட்டு, மனிதநேயப் பணிகளில் அரசுக்குத் துணையாக நிற்கிறது. இந்தியச் சங்கம் 1920ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தாலேயே அமைக்கப்பட்டது. ஆனாலும் 1965இல் வியன்னாவில் ஏற்கப்பட்ட ஏழு அடிப்படைக் கொள்கைகளில் தன்னாட்சியும் தன்னார்வச் சேவையும் இடம்பெற்றிருப்பதால், அரசு சொல்வதையெல்லாம் செய்யும் துறையாக அதைக் கருதக் கூடாது.

கேள்வி: மனித உரிமை ஆணையம் போன்றவற்றைத் 'தன்னாட்சி அமைப்பு' என்கிறோம். உறுப்பினர்களை நியமிப்பதும் பணம் கொடுப்பதும் அரசாக இருக்கும்போது அது எப்படிப் பொருந்தும்?

பதில்: நியாயமான ஐயம். இதற்காகவே 1993இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 'பாரிஸ் கோட்பாடுகள்' எனப்படும் நெறிகளை ஏற்றுக்கொண்டது. ஆணையத்தின் அதிகாரம் அரசியலமைப்பிலோ சட்டத்திலோ இருக்க வேண்டும்; சமூகத்தின் பல தரப்பினரும் உறுப்பினராக வேண்டும்; அரசின் பிடிக்குள் சிக்காதபடி போதிய நிதி வேண்டும்; தன்னார்வ அமைப்புகளோடு உறவு பேண வேண்டும் என்று அவை கூறுகின்றன. கடைசியாகச் சொன்னதை ஒப்புக்கு எழுதிய வரியாக நினைக்க வேண்டாம். அலுவலகத்தை நாடி வர வழியில்லாதவரின் முறையீடு பெரும்பாலும் ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியாகவே ஆணையத்தை எட்டுகிறது. இந்தியாவில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவரின் சார்பாக வேறு எவரும் தேசிய மனித உரிமை ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். ஆனால் அந்த ஆணையத்தால் பரிந்துரைக்கத்தான் முடியும். அப்பரிந்துரை கோப்பில் உறங்காமல் இருக்க வெளியிலிருந்து ஒருவர் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: நான் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். அரசின் ஒரு சேவையை ஒப்பந்த அடிப்படையில் நடத்துகிறோம். அதன் குறைகளை வெளியே பேசலாமா என்று எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது.

பதில்: பேசலாம்; பேசவும் வேண்டும். மானியமும் ஒப்பந்தமும் ஒன்றல்ல என்பதை முதலில் உங்கள் ஆட்சிக்குழு உணர வேண்டும். மானியத்தில் உங்கள் நோக்கத்துக்கு அரசு துணைசெய்கிறது. ஒப்பந்தத்தில் அரசின் நோக்கத்தை நீங்கள் நிறைவேற்றித் தருகிறீர்கள். ஒப்பந்தத்தையே நம்பி வாழும் நிறுவனம், எண்ணிக்கை இலக்குகளை நிரப்புவதில் மூழ்கி, யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்களிடமிருந்து மெல்ல விலகிப்போகும். இங்கிலாந்தில் அரசும் தன்னார்வத் துறையும் 1998இல் செய்துகொண்ட உடன்படிக்கை, நிதி உறவு எதுவாக இருந்தாலும் சட்டத்துக்கு உட்பட்டு அரசின் கொள்கையை எதிர்த்துக் கருத்துச் சொல்லும் உரிமை அந்நிறுவனங்களுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டது. அப்படியொரு வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பேசுவதைத் தடுக்கும் வரி இருந்தால், கையெழுத்திடும் முன்பே அதை நீக்கக் கேளுங்கள்.

விமர்சனம் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சான்று. எச்ஐவி கிருமி தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதைக் குறைக்கும் நெவிரப்பின் மருந்தை அரசு சில மருத்துவமனைகளில் மட்டுமே கிடைக்கச் செய்திருந்தது. நோயாளிகளும் மருத்துவர்களும் சேர்ந்து நின்ற ஒரு தன்னார்வ இயக்கம் வழக்குத் தொடுத்தது. 2002இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்குமாறு ஆணையிட்டது. அந்த இயக்கத்தார் தாமே மருந்து வாங்கி விநியோகிப்பதோடு நின்றிருந்தால், அவர்கள் கைக்கு எட்டிய குழந்தைகள் மட்டுமே காப்பாற்றப்பட்டிருப்பார்கள்.

இன்னொன்றையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நடத்துவது நீங்களாக இருந்தாலும், அந்தச் சேவைக்கான பொறுப்பு அரசைவிட்டு நீங்கிவிடக் கூடாது. சேவை கிடைக்காதவர் எந்த அதிகாரியிடம் முறையிடலாம் என்பது உங்கள் அலுவலக வாசலிலேயே எழுதப்பட்டிருக்கட்டும்; அது உங்கள்மீதான புகாராக இருந்தாலும் சரி.

கேள்வி: நன்கொடை கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள், ஆட்சிக்குழுவில் ஒரே குடும்பத்தினர் மட்டும் இருக்கிறார்களா என்று கவனியுங்கள். நிர்வாகச் செலவு குறைவாக இருப்பதையே நேர்மைக்கு அளவுகோலாக்காதீர்கள். கணக்காளருக்கும் பயிற்சிக்கும் செலவிடாத நிறுவனம் நல்ல சேவையைத் தொடர்ந்து தர இயலாது. பயனாளிகளின் குறைகளைக் கேட்க என்ன ஏற்பாடு இருக்கிறது என்றும், சென்ற ஆண்டு வந்த குறைகளுக்கு என்ன செய்தார்கள் என்றும் கேட்டு, அந்தப் பதிலைப் பார்த்தபின் முடிவெடுங்கள்.